வேகனின் இடது சீட்

கரண்ட் ஒன்பது மணிக்கு வர வேண்டும். ஒன்பதரை ஆகியும் வரவில்லை. தனசேகரன் பட்டறைக்கும் தெருமுனைக்கும் நாலு தடவை நடந்துவிட்டான். ஐம்பது வயதில் இப்படி நிலைகொள்ளாமல் அலைவது அவனுக்கே பிடிக்கவில்லை. வேலை இருக்கும்போது கரண்ட் இல்லை, கரண்ட் வரும்போது ஆள் அசந்து தூங்குகிறான். ரங்கூன் க்யிம்யிண்டைங்கில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன் பிழைப்பு இப்போது இதுதான். ஆனால் இன்றைய அலைச்சல் கரண்டுக்காக மட்டும் இல்லை. பட்டறைக்குள் அந்த வேகன் நின்றது.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து பிளிமவுத் ஸ்டேஷன் வேகன். மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் வரிசையாகப் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு நீளம். பின்னால் மீன்வால் மாதிரி இரண்டு துடுப்பு. கடைசி சீட் மட்டும் பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும். இருபது வருஷமாகத் தகரக் கொட்டகையில் கோழி முட்டையிட்டுக் கிடந்த வண்டி. வெளியே இழுத்துப் போட்டுக் கழுவியதிலிருந்து தெருவே இங்கேதான் நிற்கிறது. சந்தைக்குப் போகிற பொம்பளைகள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

மாஹிர் பாய் எட்டு மணிக்கே வந்துவிட்டார். லத்தா பேட்டையில் குழாய்ச் சாமான் மொத்த வியாபாரம். வயது அறுபத்தொன்று. இந்த வண்டி ஒரு காலத்தில் அவருடைய தாத்தா மீரா முகைதீனுடையது. இப்போது பேரன் திரும்ப வாங்கியிருக்கிறார். பழைய கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடுகிறார்களாம். அதற்குள் வண்டி தயாராக வேண்டும்.

"தனா, இந்தக் கடைசி சீட் இருக்கே, இதுல நானும் தங்கச்சியும் பின்னாடி பாத்து உக்காந்துக்கிட்டு வருவோம். பெருநாளைக்கு இன்யா ஏரிக்குப் போவோம். பின்னாடி வர்ற பஸ்காரனுக்கு நாக்க நீட்டிப் பழிப்புக் காட்டுவோம். ரோடு நம்மள விட்டு ஓடிக்கிட்டே இருக்கும். அந்த மாதிரி வண்டி இனி எவன் செய்வான்?"

"வண்டியத் தள்ளுனவனக் கேட்டுப் பாருங்க பாய். வேற மாதிரி சொல்லுவான்."

"போடா, உனக்கு ரசனையே கிடையாது. உங்கப்பாகிட்ட இருக்கு."

அப்பா ராஜரத்தினம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயது. பல் நாலுதான் மிச்சம், வாய் மட்டும் ஓயவில்லை. "சின்ன முதலாளி சொல்றது வாஸ்தவம். இவ இருக்காளே, பெகு ரோட்டுல ஏறுனா நெளிய மாட்டா, குலுங்க மாட்டா. அப்படியே கப்பல்!" என்று பட்டறையின் பர்மியப் பையன்களிடம் பாதி பர்மியத்திலும் பாதி தமிழிலும் கை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி அவருக்கு அவள். பெற்ற பிள்ளைகளைப் பற்றி அவர் இவ்வளவு பேசித் தனசேகரன் கேட்டதில்லை.

மாஹிர் கிளம்பும்போது மறுபடி ஞாபகப்படுத்தினார். "ஒரிஜினலா இருக்கணும். ஸ்டியரிங் இடது பக்கம். அமெரிக்காக்காரன் எப்படி வச்சானோ அப்படி."

அந்த ஸ்டியரிங் ஒரு கதை. அமெரிக்கா திரும்பிய ஒரு தூதரகத்துக்காரரிடமிருந்து மீரா முகைதீன் வாங்கியபோது அது இடப்பக்கம்தான் இருந்தது. அப்போது பர்மாவில் வண்டிகள் எல்லாம் ரோட்டின் இடது ஓரமாகப் போகும். எதிரே வருவது தெரியாமல் இரண்டு தடவை லாரியில் உரசிய பிறகு, ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றச் சொல்லிவிட்டார் முதலாளி. ராஜரத்தினம் அவருடைய டிரைவர், மெக்கானிக், எல்லாம். வயது இருபத்தேழு. ரயில்வே பட்டறையில் கழித்துப் போட்ட இரும்பில் அவரே பிராக்கெட் வெட்டி, மூன்று மாதம் வண்டிக்கு அடியிலேயே கிடந்து மாற்றி முடித்தார். அது எழுபதாம் வருஷம். அந்த வருஷக் கடைசியில் ஒரு நாள் அரசாங்கம் சொல்லிவிட்டது, நாளை முதல் எல்லாரும் வலது ஓரமாகப் போக வேண்டும் என்று. இடப்பக்கமே விட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும். லத்தா முழுவதும் சிரித்தது. மீரா முகைதீன் மட்டும் சிரிக்கவில்லை. "உன் வேலையை நீயே வச்சு அழு" என்று வண்டியை ராஜரத்தினத்தின் தலையில் கட்டிவிட்டார். சம்பள பாக்கிக்கும் சரியாகப் போயிற்று.

அதிலிருந்து அது லைன் வண்டி. கமாயுட்டிலிருந்து க்யிம்யிண்டைங் சந்தைக்கு ஆளும் மீன்கூடையும் ஏற்றி ஓடியது. வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் போகும் வண்டியைத் தாண்டி எதுவும் தெரியாது. அதனால் இடது சீட்டில் ஒருவன் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "போ" என்றால் போகலாம். "இரு" என்றால் இருக்க வேண்டும். ரங்கூனில் கண்டக்டரை ஸ்பேர் என்பார்கள். தனசேகரன் ஒன்பது வயதில் ஸ்பேர் ஆனான். பள்ளிக்கூடம் காலையில் இல்லாத நாளெல்லாம் இடது சீட். அப்பாவுக்கு அவன்தான் கண்.

எண்பத்தாறில், அவனுக்குப் பதினோரு வயதில், ஒரு நாள் காலை முன்னால் மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. எதிரே வெகு தூரத்தில் ஒரு சைக்கா, காலால் மிதிக்கிற மூன்று சக்கர வண்டி. இடம் தாராளமாக இருந்தது. "போ" என்றான். வேகன் இடப்பக்கம் வெளியே வந்து மாட்டுவண்டியைத் தாண்டியது. தாண்டிய பிறகும் வலப்பக்கம் திரும்பவில்லை. நேராகப் போய் எதிர் ஓரத்திலிருந்த சைக்காவை அடித்தது. சைக்காக்காரன் பர்கத்துல்லாவுக்கு இருபத்து நாலு வயது. வலது கால் முழங்காலுக்குக் கீழே கூழாகிவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் அப்பா சொன்னார்: "பய போன்னு சொன்னான். நான் நம்பிப் போனேன்." தெருவிலும் அதைத்தான் சொன்னார். வீட்டிலும். தனசேகரனும் அதையே நம்பினான், ஏனென்றால் அவன் "போ" என்று சொன்னது உண்மை. தூரத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்றுதான் நினைத்தான். பதினைந்து வயதில் கூலிக்குப் போன முதல் மாசமே அரிசி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, பர்கத்துல்லா இருந்த டாலாவுக்குப் படகு ஏறினான். மாசம் தவறாமல் இரண்டாம் தேதி, முப்பத்தைந்து வருஷம். கல்யாணத்துக்கு முந்தின நாள்கூடப் போனான். அந்த வேகனில் மட்டும் மறுபடி ஏறவில்லை.

பத்து மணிக்கும் கரண்ட் வரவில்லை. கையால் கழற்ற முடிகிறதையாவது கழற்றுவோம் என்று ஜாக்கி போட்டு அடியில் புகுந்தான். அப்பா ஓட்டிய காலம் வரை ஸ்டியரிங் பக்கம் யாரையும் விட்டதில்லை. எண்ணெய் போடக்கூட விட மாட்டார். தன் கை வேலை என்ற கர்வம் என்று தனசேகரன் நினைத்திருந்தான். துருப்பிடித்த நட்டுகளோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, ஸ்டியரிங் பெட்டியைச் சட்டத்தோடு பிடித்திருந்த அந்தப் பிராக்கெட்டை வெளியே எடுத்தான். தரையில் போட்டுக் கம்பி பிரஷால் தேய்த்தான். கை நின்றது.

பிராக்கெட்டின் முழங்கை மடிப்பில் குறுக்கே ஒரு விரிசல். விரிசலுக்கு மேல் ஒரு இரும்புப் பத்தை வைத்து வெல்டிங் அடித்திருந்தது. ஒட்டுப்போட்ட இரும்பு அவனுக்குப் புதிதல்ல, தினமும் பார்ப்பதுதான். பத்தை மூடாத பக்கம் வாய் பிளந்திருந்த விரிசலின் உள்முகத்தைப் பார்த்தான். ஒரே நாளில் உடைந்திருந்தால் உள்முகம் முழுதும் ஒரே நிறமாக இருக்கும். இதில் முக்கால் பங்கு கறுத்து எண்ணெய் குடித்துக் கிடந்தது. கொஞ்சங்கொஞ்சமாக வருஷக்கணக்கில் விட்டுப்போன இரும்பு. கடைசிக் கால் பங்குதான் ஒரேயடியாகக் கிழிந்திருந்தது.

அப்புறம் பெயிண்ட். வேகன் முதலில் சாம்பல் நிறம். விபத்து நடந்த பத்து நாளில், கெட்ட நேரம் கழியட்டும் என்று அப்பா அதற்கு நீலம் அடித்தார். பிராக்கெட்டை நகத்தால் சுரண்டினான். நீலத்துக்கு அடியில் சாம்பல். பத்தையைச் சுரண்டினான். நீலம். அதற்கு அடியில் வெறும் இரும்பு.

சாம்பல் இல்லை. அப்படியானால் அந்தப் பத்தை வண்டிக்கு வந்தது விபத்துக்கும் நீலத்துக்கும் நடுவிலிருந்த அந்தப் பத்து நாளில்.

தண்ணீர் குடித்தான். தெருமுனை வரை போனான். திரும்பி வந்தான். லபெயே கடையில் டீ சொல்லிவிட்டுக் குடிக்காமல் எழுந்து வந்தான். கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழவில்லை. பிராக்கெட்டை எடுத்துக்கொண்டு அப்பாவின் நாற்காலிக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். நல்லவேளை, பையன்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"இந்தப் பத்தய எப்ப வச்சே?"

அப்பா பார்த்தார். "அது ஆச்சு ஒரு காலம். யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"நீலத்துக்கு அடியில சாம்பல் இல்லப்பா. வண்டிக்கு நீலம் அடிக்கும்போது நானும் கூட நின்னேன்."

அப்பா தெருவைப் பார்த்தார். தெருவில் ஒரு நாய் போனது. அதையும் முழுசாகப் பார்த்து அனுப்பினார். பிறகு, "அப்பத்தான் வச்சேன்" என்றார்.

"அப்ப, ஒடஞ்சது உனக்குத் தெரியும்."

"ஒடிக்கும்போதே தெரியும். வலப்பக்கம் ஒடிச்சேன், வீல் கையில சும்மா சுத்துச்சு."

"நான் போன்னு சொன்னது?"

"அது சரிதான். எடம் இருந்துச்சு."

அவ்வளவுதான். முப்பத்தொன்பது வருஷம் கழித்து அந்த வார்த்தை, சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்வதுபோல வந்து விழுந்தது.

"ஏம்ப்பா?"

"என்னடா ஏன்? எவனோ செஞ்ச வேலைன்னா சொல்லியிருப்பேன். நான் வெட்டுன இரும்பு, நான் வச்ச பிராக்கெட். லைசென்ஸ் போகும், வண்டி போகும், நானும் உள்ள போவேன். உங்கம்மாளும் ரெண்டு பொம்பளப் புள்ளயும் கஞ்சிக்கு எங்க போறது? பதினோரு வயசுப் பயல எவன் பிடிச்சு உள்ள போடுவான்? ஒரு வாரம் பேசுவானுங்க, விட்டுருவானுங்கன்னு நெனச்சேன். விட்டுட்டானுங்கல்ல?"

"நான் விடலயே."

"நீ விடாம தூக்கிக்கிட்டுத் திரிவேன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல. எனக்கு இருபது வயசு ஆனப்போ. முப்பதாச்சு, நாப்பதாச்சு."

அப்பா கைலியின் ஓரத்தை இழுத்து முழங்காலை மூடினார். "அப்புறம் எப்படிடா சொல்லுறது?"

கரண்ட் அப்போதுதான் வந்தது. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் மோட்டார் உறுமியது. தனசேகரன் வெல்டிங் மெஷின் பக்கம் போகவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, பன்சோடான் படகுத்துறையில் இறங்கி டாலா படகில் ஏறினான். படகில் எல்லாரும் கடல்காகங்களுக்குப் பொரி போட்டார்கள். அவன் இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் நடந்தான். அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடுகிற பர்கத்துல்லாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். நானா, அது நான் இல்லை. நானா, நான் சொன்னது சரிதான். எப்படிச் சொன்னாலும் ஸ்கூலில் மாட்டிக்கொண்ட பையன் பேசுவது மாதிரியே இருந்தது.

பர்கத்துல்லாவுக்கு இப்போது அறுபத்துமூன்று வயது. டாலாவில் சேற்றுப் பாதை ஓரம் வெற்றிலைக்கடை வைத்திருந்தார். முடங்கிய காலைப் பெட்டிக்கு அடியில் நீட்டி உட்கார்ந்து சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"என்னப்பா, தேதி பதினேழுதானே? அரிசியும் காணோம். வீட்ல சண்டையா?"

தனசேகரன் நின்றுகொண்டே சொன்னான். விரிசல், பத்தை, நீலம், அப்பா சொன்னது, எல்லாம். பர்கத்துல்லா கையிலிருந்த வெற்றிலையை மடித்து முடித்தார். அதை யாருக்கும் கொடுக்காமல் தட்டில் வைத்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும் நானா?"

"நான் எதிர்ல வந்தவன்தானே. அந்த வண்டி வீல் எந்தப் பக்கம் பாத்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? உங்கப்பா உள்ள கெடந்து ஸ்டியரிங்க சுத்துறாரு, வீல் நேரா இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்து கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. தம்பி, நான் உள்ள போயிட்டா உன்னயும் பாக்க ஆள் இருக்காது, என் வீட்டயும் பாக்க ஆள் இருக்காதுன்னாரு. சரின்னுட்டேன்."

"எங்கிட்ட?"

பர்கத்துல்லா சுண்ணாம்பு டப்பாவை மூடித் திறந்தார். "உங்கிட்ட சொல்லியிருக்கணும். நீ மொத மொத வந்தப்ப மீசகூட மொளைக்கல. கழுத்தெல்லாம் அரிசித் தவிடு. சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். ஆனா யாரும் வர்றதில்ல தனா. கூடப்பொறந்த அண்ணனே வர்றதில்ல. சொல்லிட்டா நீயும் நின்னுருவேன்னு இருந்துச்சு. அடுத்த மாசம் சொல்லுவோம், அடுத்த மாசம் சொல்லுவோம்னு..."

தனசேகரனுக்கு அந்த வெற்றிலைத் தட்டைத் தூக்கி அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. பாதையில் பத்து அடி போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான்.

"உக்காரு. கால் கடுக்கும்" என்றார் பர்கத்துல்லா.

"எனக்குக் கடுக்கல."

"ரெண்டாம் தேதி வருவியா?"

அவன் நடந்தான். துறைக்கு வந்து சேரும்வரை அந்தக் கேள்வி பின்னாலேயே வந்தது.

அடுத்த நாலு நாள் கரண்ட் வந்த நேரத்திலெல்லாம் வேலை செய்தான். இடப்பக்கச் சட்டத்தில் அமெரிக்கன் போட்ட ஓட்டைகள் அப்படியே இருந்தன, துருவுக்கு அடியில். நல்ல தகட்டில் புதுப் பிராக்கெட் வெட்டினான். அடித்த வெல்டிங்கை இரண்டு முறை அரைத்துப் பார்த்தான். மூன்றாவது முறையும் பார்த்தான். அப்பா அந்த நாலு நாளும் நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவரவில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு இல்லை. தனசேகரனின் மனைவி சொர்ணம்மாள் தட்டுகளை வைத்துவிட்டு, "ரெண்டு எருமையும் ஒரே தொட்டிதான், மூஞ்சிய திருப்பிக்கிட்டுத் தின்னுதுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாஹிர் பாய் வெள்ளைச் சட்டையில் வந்தார். மகள் நாஜியாவும் வந்திருந்தாள். இருபத்திரண்டு வயது, படிப்பு, பேச்சு, சினேகிதம் எல்லாம் பர்மியத்தில். தமிழை உடைத்து உடைத்துப் பேசுவாள். வேகனைப் பற்றி வீடியோ எடுத்துக் கூட்டத்தில் போட்டுக் காட்டப் போகிறாளாம். மாஹிர் நேராகப் போய்க் கடைசி சீட்டில் ஏறிக் கால் நீட்டி உட்கார்ந்து, ஆறு வயதுப் பையன் மாதிரி பின்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்கத் தனசேகரனுக்கு எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இந்த வண்டியில் அப்படி உட்கார அவனுக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை.

"ராஜா அண்ணே, வாங்க, நீங்க இல்லாம என்ன வீடியோ?" என்று மாஹிர் கூப்பிட்டார். அப்பா வந்தார். வந்து வண்டியில் கை வைத்ததும் நாலு நாள் அடைபட்ட பேச்சு திறந்துகொண்டது. எழுபதில் ஸ்டியரிங் மாற்றியது, ஊர் சிரித்தது, மழையில் இருபத்திரண்டு பேரை ஏற்றியது எல்லாம் வந்தது. தெரு மறுபடி கூடிவிட்டது. தனசேகரன் பானெட் பக்கம் நின்று எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தான். சுத்தமான கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான். அப்பா அந்த இடத்துக்கு வருவார் என்று அவனுக்குத் தெரியும். எப்போதும் வருவார். 'பய போன்னு சொன்னான்.' அதைச் சொன்னால் என்ன சொல்வது என்று வாயில் தயாராக வைத்திருந்தான்.

நாஜியா போனை நீட்டியபடி கேட்டாள்: "ஆக்சிடென்ட் ஷிலா, தாத்தா? ஏதாச்சும் நடந்திருக்கா?"

அப்பா மகனைப் பார்த்தார். பார்த்துவிட்டு போனுக்குத் திரும்பினார்.

"ஒண்ணும் கிடையாதும்மா. முப்பத்தஞ்சு வருஷம், ஒரு கீறல் கிடையாது. ராணி மாதிரி ஓடுனா."

தனசேகரன் வைத்திருந்த பதில் இதற்கு உதவவில்லை. அவன் மேல் இருந்த பழி போய்விட்டது. பழியோடு பர்கத்துல்லாவின் காலும் போய்விட்டது, முப்பத்தைந்து வருஷ அரிசியும் போய்விட்டது. எல்லாம் ஒரே வாயில். துணியைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தான்.

"நடந்திருக்கு."

"தனா, விடுப்பா, இப்ப எதுக்கு..." என்றார் மாஹிர் வண்டிக்குள்ளிருந்து.

"கேட்டாள்ல பாய், சொல்றேன். எண்பத்தாறுல ஸ்டியரிங் பிராக்கெட் ஒடஞ்சுச்சு. எங்கப்பா செஞ்ச பிராக்கெட். எதிர்ல சைக்காவுல வந்த பர்கத்துல்லாவுக்குக் கால் போச்சு. இந்த எடது சீட்ல நான்தான் இருந்தேன். போன்னு சொன்னேன். நான் சொன்னது சரி. எடம் இருந்துச்சு."

சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. தெருவில் நின்றவர்களைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தவர்கள்தான் எல்லாரும். பாதிப்பேர் அவனை அந்த வயதில் "போப்பயல்" என்று கூப்பிட்டவர்கள். நாஜியா போனைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"பரவால்லம்மா, அந்த எடத்த அப்புறம் வெட்டிரலாம்" என்றார் மாஹிர்.

"வெட்ட வேணாம்" என்றது அப்பாவின் குரல். வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆனா மொட்டையா கால் போச்சுன்னா என்னடா அர்த்தம்? ஆளே போய்ச் சேந்துட்டான்னு நெனச்சுக்கப் போறாங்க. உசுரோட இருக்கான், டாலால கடை வச்சிருக்கான்னு சொல்லு."

"நீ சொல்லு" என்றான் தனசேகரன்.

நாஜியா போனை அப்பா பக்கம் திருப்பினாள். அப்பா சட்டையின் மேல் பித்தானைத் தேடிப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"எங்க பாத்துப் பேசணும்?" என்று கேட்டார்.